கடலடியில் நடுக்கம்: ஆழத்தை அளப்பது எப்படி?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 6-29. சுமத்ரா தீவின் வடமேற்குக் கரையருகே, கடலுக்கு அடியில், பாறை பிளந்து நழுவியது. மதுரை அப்பொழுது மார்கழிக் குளிரில் விழித்துக்கொண்டிருந்தது. நடுக்கம் தொடங்கிய இடம் மதுரையிலிருந்து சுமார் 2,100 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆயினும் முதல் அதிர்ச்சி அலை ஏறத்தாழ நாலரை நிமிடத்தில் வைகைச் சமவெளியின் அடிப்பாறைகளைக் கடந்து சென்றுவிட்டது. கடல் அலையோ நாகப்பட்டினத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது.

பாறை வழியே செய்தி முன்னதாகவே வந்துவிட்டது. அதைப் படித்து, கரையில் இருந்தவர்களை எச்சரிக்கும் ஏற்பாடு அன்று இந்தியப் பெருங்கடலில் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர்.

கடலடியில் ஒரு நடுக்கம் நிகழ்ந்தவுடன் அறிவியலார் சில கேள்விகளுக்கு விரைந்து விடை காண வேண்டும். எங்கே நிகழ்ந்தது? எவ்வளவு பெரியது? எத்தனை ஆழத்தில் நிகழ்ந்தது? இவற்றுள் மூன்றாவது கேள்வியே அடிக்கடி தொல்லை தருவது. அதிலும் கடற்கரையை ஒட்டி நிகழும் நடுக்கங்களில் அது மிகக் கடினம். ஏன் கடினம்? எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? ஒன்பதாம் வகுப்புக் கணக்கும் கொஞ்சம் நூலும் இருந்தால் இதை நாமே புரிந்துகொள்ளலாம்.

குவியமும் மேல்மையமும்

பூமிக்குள் பாறை முதன்முதலில் முறியும் இடத்தைக் 'குவியம்' என்கிறோம். அதற்கு நேர் மேலே தரையிலோ கடலடித் தளத்திலோ உள்ள புள்ளி 'மேல்மையம்'. இரண்டுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரமே நடுக்கத்தின் ஆழம்.

ஆழம் 70 கி.மீ. வரை இருந்தால் அது மேலோட்டமான நடுக்கம்; 70 முதல் 300 வரை இடைப்பட்டது; 300-க்கு மேல் ஆழ்நடுக்கம். ஏறத்தாழ 700 கி.மீ. ஆழம் வரைகூட நடுக்கங்கள் பதிவாகியுள்ளன. இவ்வளவு ஆழத்திலும் நடுக்கங்கள் உண்டு என்பதை 1928-இல் ஜப்பானிய அறிஞர் கியூ வடாட்டி தெளிவாக எடுத்துக்காட்டினார்.

இத்தனைக்கும், யாரும் அங்கே இறங்கி அளந்ததில்லை. அப்படியானால் அளவுகோல் எது? நேரம்தான்.

இராமேசுவரத்திலிருந்து இரண்டு பேருந்துகள்

நடுக்கம் ஏற்பட்டதும் குவியத்திலிருந்து இருவகை அலைகள் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. முதலாவது, பாறையை நெருக்கியும் தளர்த்தியும் செல்லும் முதன்மை அலை. இதைப் 'பி' அலை என்பார்கள். கருங்கல் போன்ற கெட்டிப் பாறையில் இதன் வேகம் விநாடிக்குச் சுமார் 6 கி.மீ. இரண்டாவது, பாறையைக் குறுக்கே அசைத்துக்கொண்டு செல்லும் 'எஸ்' அலை. இதன் வேகம் விநாடிக்குச் சுமார் 3½ கி.மீ.

இராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு இரண்டு பேருந்துகள் ஒரே நேரத்தில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று மணிக்கு 60 கி.மீ. வேகம்; மற்றொன்று 35 கி.மீ. இராமநாதபுரத்தில் இரண்டுக்கும் இடைவெளி 40 நிமிடம்கூட இருக்காது. பரமக்குடியில் ஒரு மணியைத் தாண்டிவிடும். 170 கி.மீ. கடந்து மதுரைக்கு வரும்போது இரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஆகவே, பேருந்துகள் எப்போது புறப்பட்டன என்று தெரியாவிட்டாலும், மதுரையில் நின்று இடைவெளியை மட்டும் அளந்து அவை எவ்வளவு தூரத்திலிருந்து வந்தன என்று சொல்லிவிடலாம்.

நடுக்க அலைகளுக்கும் இதே கணக்குத்தான். பி அலைக்கும் எஸ் அலைக்கும் உள்ள இடைவெளியை விநாடியில் அளந்து, அதை 8-ஆல் பெருக்கினால், குவியம் எத்தனை கி.மீ. தூரத்தில் உள்ளது என்பது ஏறத்தாழ கிடைத்துவிடும். இடைவெளி 5 விநாடி என்றால் தூரம் 40 கி.மீ.

கிணறும் கர்ணமும்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் கணக்கிட்ட 40 கி.மீ. என்பது மேல்மையத்துக்கு உள்ள தரைவழித் தூரம் அன்று. கருவியிலிருந்து குவியத்துக்கு, பூமிக்குள் சாய்வாகச் செல்லும் தூரம். கருவி, மேல்மையம், குவியம் ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணத்தின் மூலைகள். சாய்தூரம்தான் அதன் கர்ணம். கர்ணமும் ஒரு பக்கமும் தெரிந்தால் மற்றப் பக்கத்தைப் பைதாகரஸ் தேற்றம் தந்துவிடும்.

தூத்துக்குடிக்கு நேர் கிழக்கே 40 கி.மீ. தூரத்தில், மன்னார் வளைகுடாவில், ஒரு நடுக்கம் நிகழ்வதாகக் கற்பனை செய்வோம். தூத்துக்குடியில் உள்ள கருவி 6¼ விநாடி இடைவெளியைக் காட்டுகிறது. சாய்தூரம் 50 கி.மீ. எனவே,

ஆழத்தின் வர்க்கம் = 50² − 40² = 2500 − 1600 = 900
ஆழம் = 30 கி.மீ.

இவ்வளவு எளிதா? மேல்மையம் 40 கி.மீ. தூரத்தில் உள்ளது என்று முன்கூட்டியே தெரிந்தால் எளிதுதான்.

கருவி தொலைவில் இருந்தால் என்ன ஆகும்? மதுரையைச் சுற்றியுள்ள வயல்களில் பெரிய இறைகிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்த்தால் நீர் எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று சொல்லிவிடலாம். நாலு வயல் தள்ளி நின்றால் கிணறு இருப்பது தெரியும், ஆழம் தெரியாது.

மேல்மையத்திலிருந்து 200 கி.மீ. தள்ளி ஒரு கருவி இருக்கட்டும். குவியம் 10 கி.மீ. ஆழத்தில் இருந்தால் சாய்தூரம் 200¼ கி.மீ.; 30 கி.மீ. ஆழத்தில் இருந்தால் 202¼ கி.மீ. வேறுபாடு வெறும் 2 கி.மீ.; நேரத்தில் கால் விநாடி. எஸ் அலை சரியாக எந்தக் கணத்தில் தொடங்கியது என்று பதிவில் குறிக்கும்போதே கால் விநாடி பிசகக்கூடும். ஆகவே, நடுக்கத்தின் ஆழம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்குள்ளாவது ஒரு கருவி இருந்தால்தான் ஆழத்தை நம்பிச் சொல்லலாம். கடலுக்கு நடுவே நிகழும் நடுக்கத்துக்கு அத்தனை அருகில் கருவி ஏது?

கருவிகள் ஒரே கோட்டில் நின்றால்

கரையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தென் மாவட்டங்களின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மதுரை, தூத்துக்குடிக்கு ஏறத்தாழ நேர் வடக்கே, சுமார் 130 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. நமது கற்பனை நடுக்கத்தைப் பதிவு செய்ய மதுரையிலும் ஒரு கருவி இருப்பதாகக் கொள்வோம். கணக்கிட்டால் மதுரையிலிருந்து குவியத்துக்குச் சாய்தூரம் 139 கி.மீ. வரும்.

இப்போது குவியத்தைச் சற்று நகர்த்துவோம். அது 40 கி.மீ. கிழக்கே, 30 கி.மீ. ஆழத்தில் இல்லை, 48 கி.மீ. கிழக்கே, 14 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது என்று கொள்வோம். தூத்துக்குடியிலிருந்து சாய்தூரம் எவ்வளவு? 48² + 14² = 2304 + 196 = 2500. அதே 50 கி.மீ.! மதுரைக்கும் கணக்கிட்டுப் பாருங்கள்; அதே 139 கி.மீ. வரும். ஆழம் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது; ஆனால் இரண்டு கருவிகளும் எந்த மாற்றத்தையும் உணரவில்லை.

காரணத்தை ஓர் ஊஞ்சலில் காணலாம். ஊஞ்சல் பலகை இரண்டு வளையங்களிலிருந்து தொங்குகிறது. முன்னும் பின்னும் எவ்வளவு ஆடினாலும் பலகைக்கும் வளையங்களுக்கும் உள்ள தூரம் மாறுவதே இல்லை. கயிற்றின் நீளம் மாறாதல்லவா? மதுரையும் தூத்துக்குடியும் இரண்டு வளையங்கள். குவியம் ஊஞ்சல் பலகை. அது கீழே ஆழத்திலும் இருக்கலாம். கடல் பக்கம் உயர்ந்தும் இருக்கலாம். ஏன், நிலத்தின் பக்கம்கூட ஆடிப் போயிருக்கலாம். அந்த ஒரே கோட்டில் மூன்றாவது, நான்காவது கருவிகளை வைத்தாலும் பயனில்லை.

கோட்டை விட்டு விலகிய ஒரு கருவி வேண்டும். கோடைக்கானல் அப்படி ஓர் இடம். மதுரைக்கு வடமேற்கே நேர்கோட்டில் சுமார் 80 கி.மீ. 1899-இல் நிறுவப்பட்ட கோடைக்கானல் வான் ஆய்வுக்கூடம் சூரியனை ஆராய்வதற்குப் புகழ் பெற்றது. ஆனால் தொடக்க காலம் முதலே அங்கே நிலநடுக்கப் பதிவுக் கருவியும் இருந்தது. 1960-களில் உலகெங்கும் ஒரே தரத்தில் அமைக்கப்பட்ட நடுக்கப் பதிவு நிலையங்களுள் கோடைக்கானலும் ஒன்று. நமது கற்பனை நடுக்கம் 30 கி.மீ. ஆழத்தில் இருந்தால் கோடைக்கானலிலிருந்து சாய்தூரம் 200 கி.மீ.; 14 கி.மீ. ஆழத்தில் இருந்தால் 203 கி.மீ. மூன்றில் ஒரு விநாடிக்குச் சற்று அதிகமாக வேறுபாடு தெரிகிறது.

கடலுக்கு அப்பால் ஒரு கருவி இருந்தால் இன்னும் நல்லது. இலங்கையில் கண்டிக்கு அருகே பல்லேகலையில் உலக நடுக்க வலையைச் சேர்ந்த நிலையம் ஒன்று 2000-ஆம் ஆண்டு முதல் உள்ளது. அங்கிருந்து சாய்தூரங்கள் 294 கி.மீ., 287 கி.மீ. என வரும். கிட்டத்தட்ட ஒரு முழு விநாடி வேறுபாடு! நமது கரையோர நடுக்கத்தின் ஆழத்தை அறிய அக்கரையின் கருவி அவசியம் என்பது இதனால் விளங்கும். நாடுகள் தங்கள் நடுக்கப் பதிவுகளை உடனுக்குடன் பகிர்ந்துகொள்வது வெறும் மரியாதை அன்று, கணக்கின் தேவை.

(அலைகள் நேர்கோட்டில் ஒரே வேகத்தில் செல்வதாகக் கொண்டு நாம் கணக்கிட்டோம். உண்மையில் ஆழம் கூடக்கூட வேகம் கூடும், பாதை வளையும். ஆய்வாளர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக் கணினியால் விடை காண்கிறார்கள்.)

எதிரொலி சொல்லும் ஆழம்

அருகே கருவியே இல்லாத நடுக்கடலில் நடுக்கம் நிகழ்ந்தால்? அப்போது ஒரு விந்தையான உதவி, மிகத் தொலைவிலுள்ள கருவிகளிடமிருந்து வருகிறது.

ஒத்தக்கடையில் யானைமலைக்கு எதிரே நின்று கைதட்டிப் பாருங்கள். ஒலி பாறையில் மோதித் திரும்பி வரும். எதிரொலி ஒரு விநாடி கழித்து வந்தால், ஒலி போய்வந்த தூரம் 340 மீட்டர். பாறை 170 மீட்டர் தொலைவில் இருக்கிறது.

குவியத்திலிருந்து பி அலை எல்லாத் திசைகளிலும் கிளம்புகிறது. ஓர் அலை கீழ்நோக்கிப் போய், பூமிக்குள் வளைந்து, பல ஆயிரம் கி.மீ. தொலைவிலுள்ள கருவியை அடைகிறது. இன்னொன்று முதலில் மேல்நோக்கிச் சென்று, பூமியின் மேற்பரப்பில் மோதி, அதன் பிறகே கீழ்நோக்கித் திரும்பி, அதே கருவிக்கு வந்து சேருகிறது. இரண்டாவது அலை கூடுதலாக நடந்த தூரம் ஏறத்தாழ ஆழத்தின் இரு மடங்கு. இரண்டும் வந்த நேர வேறுபாடு 10 விநாடி, வேகம் விநாடிக்கு 7 கி.மீ. எனில், கூடுதல் தூரம் 70 கி.மீ.; ஆழம் 35 கி.மீ.

ஆனால் கடலில் ஒரு பொறி காத்திருக்கிறது. மேல்நோக்கிச் சென்ற அலையின் ஒரு பகுதிதான் கடலடித் தளத்தில் மோதித் திரும்புகிறது. மறுபகுதி நீருக்குள் புகுந்து, நீர்மட்டம் வரை போய், அங்கே மோதித் திரும்புகிறது. நீரில் அலையின் வேகம் விநாடிக்கு 1½ கி.மீ. மட்டுமே. கடலின் ஆழம் 3 கி.மீ. என்றால் போகவர 6 கி.மீ.; அதற்கு 4 விநாடி பிடிக்கும். எனவே கடலடி எதிரொலி 10-ஆவது விநாடியிலும் நீர்மட்ட எதிரொலி 14-ஆவது விநாடியிலும் வரும். சில சமயம் இரண்டாவதே பதிவில் எடுப்பாகத் தெரியும். அதைக் கடலடி எதிரொலி என்று தவறாக எண்ணிக் கணக்கிட்டால் ஆழம் 49 கி.மீ. என வரும். 35 எங்கே, 49 எங்கே! கடலடி நடுக்கத்தை ஆராய்பவர், அந்த இடத்தில் கடல் எத்தனை ஆழம் என்பதையும் பார்த்தே தீரவேண்டும்.

ஆழம் தெரிந்தால் என்ன பயன்?

1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் 6.2 அளவுள்ள நடுக்கம் நிகழ்ந்தது. அதன் ஆழம் 10 கி.மீ.க்கும் குறைவு. உறங்கிக்கொண்டிருந்த மக்களின் மேல் கல் வீடுகள் சரிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். 2014 மே 21 இரவு வங்கக் கடலில், ஒடிசா கரையிலிருந்து வெகுதூரத்தில், 6.0 அளவுள்ள நடுக்கம் ஒன்று சுமார் 50 கி.மீ. ஆழத்தில் நிகழ்ந்தது. அது சென்னை முதல் தில்லி வரை உணரப்பட்டது, பெருஞ்சேதம் விளையவில்லை. இதற்குக் கரையிலிருந்த தூரமும் ஒரு காரணம்தான். ஆயினும் பொது விதி இதுவே: ஆழம் குறைந்த நடுக்கம் சிறு பரப்பைக் கடுமையாகத் தாக்கும், ஆழம் மிகுந்தது பெரும் பரப்பை மெல்ல அசைக்கும்.

சுனாமிக்கும் ஆழமே முக்கியம். 2004-இல் நடுக்கம் தொடங்கிய ஆழம் சுமார் 30 கி.மீ. முறிவு கடலடித் தளத்தையே உயர்த்தியதால் மேலிருந்த நீர் முழுவதும் எழும்பியது. 100 கி.மீ.க்கும் கீழே நிகழும் நடுக்கம் பொதுவாகக் கடலடித் தளத்தை அவ்வளவு தூக்குவதில்லை. எனினும் ஆழம் ஒன்றே போதாது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவுள்ள மேலோட்டமான நடுக்கம் நிகழ்ந்தது. ஆனால் பாறைகள் பக்கவாட்டில் உரசி நழுவின, தளம் உயரவில்லை, பெருஞ்சுனாமி எழவில்லை. 2007-இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இடம், அளவு, ஆழம் மூன்றையும் பார்ப்பதோடு, கடலடி அழுத்தமானிகளின் மூலம் நீர்மட்டத்தையும் கவனிக்கிறது. ஜப்பான் 2011-ஆம் ஆண்டுப் பேரழிவுக்குப் பின் தன் வடகிழக்குக் கரைக்கு அப்பால் 150 கருவிகளைக் கடலடியிலேயே வைத்து வடத்தால் இணைத்துள்ளது. கிணற்று மேட்டுக்கே போய் எட்டிப் பார்க்கும் முயற்சி அது!

'10 கி.மீ.' என்ற எண்

2001 செப்டம்பர் 25 அன்று இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவுள்ள நடுக்கம் நிகழ்ந்தது. சென்னையிலும் வீடுகள் அதிர்ந்தன. பட்டியலில் அதன் ஆழம் 10 கி.மீ. என்று உள்ளது. உலக நடுக்கப் பட்டியல்களைப் புரட்டினால் இதே 10 கி.மீ. திரும்பத் திரும்ப வரும். இயற்கைக்கு இந்த எண்ணின்மேல் அப்படி என்ன ஆசை?

ஒன்றுமில்லை. கருவிகள் போதாமல் ஆழத்தைக் கணக்கிட முடியாதபோது, மேலோட்டமானது என்று மட்டும் தெரிந்தால், 10 கி.மீ. என ஓர் எண்ணைக் கொண்டு மற்றவற்றைக் கணக்கிடுவது வழக்கம். முன்பு இதே முறையில் 33 கி.மீ. என்ற எண் பயன்பட்டது. பூமியின் மேலோட்டின் தடிமனாக அக்கால அட்டவணைகளில் கொள்ளப்பட்ட எண் அது. இது ஏமாற்று அன்று. பட்டியலில் இவ்வாறு கொண்ட ஆழம் எது, அளந்த ஆழம் எது என்று குறிப்பிடுவார்கள். ஆனால் செய்தித்தாளுக்கு வரும்போது அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. ஓர் எண்ணைப் பார்த்தால், அது அளந்ததா, கொண்டதா என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

செய்து பாருங்கள்

மேசையின் அடிப்பக்கத்தில் ஒட்டுநாடாவால் இரண்டு நூல்களின் நுனிகளை ஓர் அடி இடைவெளியில் ஒட்டுங்கள். கீழ் நுனிகளை ஒன்றாக முடிச்சிட்டு ஒரு சாவியைக் கட்டுங்கள். சாவி ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடும். அதன் ஆழம் மாறும். நூல்களின் நீளம் மாறாது. இப்போது மூன்றாவது நூல் ஒன்றை அந்த முடிச்சில் கட்டி, முதல் இரண்டின் கோட்டிலிருந்து நன்கு விலகிய ஓர் இடத்தில், விறைப்பாக இருக்கும்படி ஒட்டுங்கள். மூன்று நூல்களும் விறைப்பாக உள்ளவரை சாவிக்கு ஓர் இடம்தான் உண்டு. அந்த மூன்றாவது நூல்தான் கோடைக்கானல், அதுவே பல்லேகலை.

கணக்குகள்

1. மேல்மையம் 60 கி.மீ. தூரத்திலும், குவியத்துக்குச் சாய்தூரம் 65 கி.மீ.யாகவும் இருந்தால் ஆழம் என்ன?

2. பி அலைக்குப் பின் 12 விநாடி கழித்து எதிரொலி வந்தது. வேகம் விநாடிக்கு 7 கி.மீ. எனில் ஆழம் என்ன?

3. அந்த எதிரொலி கடலடியிலிருந்து வரவில்லை, 1½ கி.மீ. ஆழக் கடலின் நீர்மட்டத்திலிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. கடலடித் தளத்திலிருந்து குவியத்தின் உண்மையான ஆழம் என்ன?

விடைகள்: 1. 25 கி.மீ. 2. 42 கி.மீ. 3. 35 கி.மீ.